ஒரே பக்கம் விழுந்த நட்சத்திரங்கள்

பகலிலும் நட்சத்திரம் விழும். வெயில் மறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வானத்துக்கு நம்மைப் போல வேலை நேரம் எல்லாம் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாததைக் காதால் பிடிக்கலாம் என்பது தூங்குமலைச் செல்லக்கனி அம்மாவுக்குத் தெரியும். எங்கோ தொலைதேசத்தில் ஒரு ரேடியோ நிலையம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். பூமி வளைந்து கிடப்பதால் அந்தச் சத்தம் இங்கே எட்டாது. ஆனால் ஒரு நட்சத்திரம் எரிந்து விழும்போது அது போன வழி ஒரு மூச்சு நேரத்துக்குக் கண்ணாடி ஆகிவிடும். தூரத்துச் சத்தம் அதில் பட்டு நம் பெட்டிக்கு வந்துசேரும். கூ என்று சின்னதாக ஒரு விசில். அவ்வளவுதான், ஒரு நட்சத்திரம் தீர்ந்தது.

மலைக்கு அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் மேகம். வைகாசி பிறந்தால் மேகம் வந்து மலைமேல் படுத்துவிடும். சூரியன் உச்சிக்கு வந்தாலும் லேசில் எழுந்திருக்காது. அந்த மேகத்துக்குள் ஓர் ஓட்டு வீடு. அதில்தான் அம்மா இருந்தார். ஒரு காலத்தில் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலையில் தனியாக இருக்கிறாரே, சாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவருவார்கள். அம்மா வாங்கிக்கொண்டு ஊறுகாய் போடுவார்.

சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆவுடையப்பன் என்று பேர். டெலிபோன் இலாகாவில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். சீடனாகச் சேருகிற வயதா இது என்று வீட்டில் கேட்டார்கள். ஞானத்துக்கு ரிட்டயர்மென்ட் உண்டா என்று திருப்பிக் கேட்டுவிட்டு மலையேறிவிட்டார். நல்ல மனிதர். ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் முதல் ஆளாக நிற்பவர். ஆனால் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் வாயைத் திறக்கச் சீட்டு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

மலையில் கேட்கிற வேலை அவருடையது. கடற்கரையில், மணற்குடியில், அதே வேலையை அவருடைய தம்பி கோமதிநாயகம் பார்த்தார். இருவரிடமும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பழைய ரேடியோவில் திருகுவதற்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் இதில் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. வருகிற சத்தத்தை எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டும் என்பதற்குத் திரையில் ஒரு பட்டை. அதைக் கெயின் என்பார்கள். ஆவுடையப்பன் அந்தப் பட்டையை முதல் நாளே மேல்முட்டத் தள்ளிவிட்டார். அள்ளுகிறபோது குறைத்து அள்ளுவானேன் என்பது அவர் கட்சி.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அம்மா தினமும் காலையில் கூடத்துத் தரையில் கோலமாவால் மலையையும் கடற்கரையையும் கடலையும் வரைவார். ஒரு நட்சத்திரம் விசிலடித்தால் அண்ணனும் தம்பியும் போனில் அளவைச் சொல்லிக்கொள்வார்கள். மலையில் பலமாகக் கேட்டிருந்தால் நட்சத்திரம் மலைப் பக்கம். கரையில் பலமாகக் கேட்டிருந்தால் கடல் பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். பெரிய விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சாயங்காலம் அந்தத் தரையைப் பார்த்தால், அன்றைக்கு நம் தலைக்குமேல் இவ்வளவு நடந்திருக்கிறதா என்று ஆளுக்குக் கனவு மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு குறை. புளியங்கொட்டை எல்லாம் மலையிலேயே குவிந்தது. கடலில் ஒன்றுகூட விழவில்லை.

ஆவுடையப்பன் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? கரையில சட்டி காலி, மலையில நெறஞ்சு கெடக்கு" என்று கீழே டீக்கடையில் சொல்லிவைத்தார்.

வைகாசி கடைசி. பகல் நட்சத்திரங்கள் கூட்டமாக விழுகிற காலம். ஒரு நாள் காலையில் அவர் மலையேறி வந்தபோது முகம் சரியாக இல்லை.

"அம்மா, தம்பி நிறுத்திக்கிடுதேன்னு சொல்லுதான்."

"எதை?"

"கேக்கதை. நேத்து போன்ல சொன்னான். என் பக்கம்தான் ஒண்ணும் விழலையே அண்ணே, நான் எதுக்கு உக்காந்திருக்கணும்னு."

அம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தம்பி உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவர். பிள்ளை இல்லை. மனைவி பாப்பா போன பிறகு ஒரு வருஷம் யாரோடும் பேசவில்லை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அப்போது அண்ணன்தான் இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்து, வானத்தைக் கேளுல என்று உட்காரவைத்தார். முதல் விசில் கேட்ட அன்றைக்குத்தான் தம்பி வாய் திறந்தார். அண்ணே, கேட்டுது என்றார். அந்த இரண்டு வார்த்தையை ஆவுடையப்பன் இன்னும் மறக்கவில்லை. இப்போது கேட்க ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டால் தம்பி பழையபடி அந்த இருட்டுக்குள்தான் போய் உட்காருவார்.

"அவன் அளவை என் அளவுக்குக் கொண்டு வரணும்மா. என்ன செய்யட்டும்?"

"அண்ணாச்சி, முதல்ல உங்க பெட்டியக் கொஞ்சம்..."

"அதெல்லாம் துடைச்சுப் பளபளன்னு வச்சிருக்கேன். நம்ம பக்கம் ஒரு குத்தமும் கிடையாது. அவன் பக்கத்துக்குத்தான் வைத்தியம். கெயினக் கூட்டச் சொல்லிப் பாக்கட்டுமா?"

அம்மா அவரைப் பார்த்தார். "பாருங்க" என்றார்.

ஆவுடையப்பன் தம்பியைப் போனில் பிடித்தார். கூட்டுல, இன்னும் கூட்டு, கைக்கு என்ன வலிக்குதா என்று இங்கிருந்தே ஓட்டினார். அந்தப் பக்கம் தம்பி சொன்னபடி செய்தார். சற்றுப் பொறுத்து அவர் குரல் வந்தது.

"கூட்டுனா இரைச்சலும் சேந்துல்ல ஏறுது, அண்ணே. கடல்ல வள்ளத்துக்காரங்க வாக்கி டாக்கியில பேசுதது எல்லாம் உள்ள வந்து விழுது. இருந்த விசிலும் முங்கிப் போச்சு."

"சரி, பழையபடி வையி" என்றார் அண்ணன். போனை வைத்துவிட்டு, "அவன் கை ராசி அப்படி" என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் வேறொரு யோசனையோடு வந்தார். தம்பி சொல்லுகிற அளவோடு தானாக ஒரு எண்ணைக் கூட்டிக்கொள்வது. தம்பியிடம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சரிக்குச் சரி வந்துவிடும்.

அன்று கடல் முழுக்கப் புளியங்கொட்டை. விசில் கேட்டால் ஒன்று, கேட்காவிட்டாலும் ஒன்று. வெறும் இரைச்சலோடும் அந்த எண்ணைக் கூட்டிப் பார்த்தால் அதுவும் நட்சத்திரம் அளவுக்கு வந்து நின்றது. சாயங்காலம் ஆவுடையப்பன் தரையைக் காட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா, தம்பி பக்கமும் மழை."

அம்மா துடைப்பத்தை எடுத்து வந்தார். கடலில் கிடந்த கொட்டைகளை மட்டும் பக்குவமாகக் கூட்டி முறத்தில் அள்ளினார்.

"ஏம்மா?"

"இது நட்சத்திரம் இல்ல, அண்ணாச்சி. நம்ம தயவு."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. கோலமாவுக் கடல் மறுபடி வெறுமையாகக் கிடந்தது.

"உங்க பக்கம் அந்தப் பட்டை இருக்கே..." என்றார் அம்மா.

"பட்டையத்தான் நேத்தே கூட்டச் சொல்லிப் பாத்தாச்சேம்மா. அதுக்கு வழியில்ல. வேற ஏதாவது ஆன்டெனாவ உசத்திக் கட்டலாமா? வயரு பழசோ? நான் லைன் பாத்த காலத்துல ஒருக்கா இப்படித்தான்..."

டெலிபோன் இலாகாக் கதை ஒன்று ஆரம்பித்து முடிந்தது. அம்மா முழுவதையும் கேட்டார். முடிந்த பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டியும், கேபிள் டிவிக்காரர்கள் ஒரு வயரை இரண்டாகப் பிரிக்க வைத்திருக்கிற ஸ்ப்ளிட்டரும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"உங்க பெட்டியையும் கம்ப்யூட்டரையும் கழட்டுங்க. தம்பி வீட்டுக்குக் கொண்டு போங்க."

ஆவுடையப்பன் திகைத்துவிட்டார். "கூட்டமா விழுத நாள்லயா? மலையில கேக்க ஆளில்லாமப் போயிருமே."

"போகட்டும்."

"அவனை இங்க வரச் சொல்லுதேன்."

"அவர் வீட்டுல நீங்க கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

பதில் தயாராக இருக்கும் என்று வாயைத் திறந்தார். பாப்பாவின் பதினாறாம் நாள் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு பெட்டியைக் கொடுக்கப் போனதோடு சரி, அன்றும் சாப்பிடாமல் திரும்பினார்; மற்றதெல்லாம் போனில்தான்.

அம்மா அந்தத் தீப்பெட்டி அளவுப் பெட்டியைக் காட்டினார். "இது ஒரே அளவுல விசிலடிச்சுக்கிட்டே இருக்கும். யாருக்காகவும் கூட்டியும் பேசாது, குறைச்சும் பேசாது. ஒரே ஆன்டெனாவுல ரெண்டு பெட்டியையும் மாட்டுங்க. இதைத் தூரத்துல வைங்க. ரெண்டு பேரும் என்ன சொல்றாங்கன்னு பாருங்க. பிறகு வயரை மாத்தி மாட்டிப் பாருங்க."

"அப்புறம்?"

"அப்புறம் தம்பி சொல்லுவாரு."

தம்பி எனக்குச் சொல்வதா என்று நினைத்தார் ஆவுடையப்பன். ஆனால் குரு வாக்கு.

மலையிலிருந்து இறங்கினால் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளின் காடு. வைகாசிக் காற்றில் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் கம்ப்யூட்டர், சட்டைப் பையில் பெட்டி. காற்றாடிகள் தீர்ந்து பனைகள் வந்தன. பனைகள் தீர்ந்து தேரி என்கிற செம்மணல் மேடுகள் வந்தன. மணல் காற்றில் மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் பஸ் நிற்கிறது, தேரிதான் போகிறது என்று தோன்றும். பேச ஆள் இல்லாததால் ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே வந்தார். இந்த நேரத்தில் மேலே எத்தனை விழுகிறதோ, யார் கேட்கிறார்களோ என்று நினைத்தபோது மனசு ஏனோ லேசாகத்தான் இருந்தது.

தம்பி வாசலில் நின்றார். இளைத்திருந்தார். போனில் குரலுக்கு உடம்பு தெரிவதில்லை.

"வாங்கண்ணே."

"என்னல இது, துரும்பாயிட்ட?"

"உக்காருங்க. கானத்துவையல் அரச்சிருக்கேன்."

சோறும் ரசமும் கொள்ளு வறுத்து அரைத்த அந்தக் கானத்துவையலும். பாப்பா அரைக்கிற மாதிரியே இருந்தது. அதைச் சொல்ல நினைத்தார் ஆவுடையப்பன். வீடு இருந்த அமைதியில் இன்னும் கொஞ்சம் துவையலை வைத்துக்கொண்டார். மேற்கே ஒரு சுவர்க் கடிகாரம், கிழக்கே சாத்திய ஜன்னல், அதற்கு அப்பால் கடல்.

சாப்பிட்டு முடித்து இரண்டு பெட்டிகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கூரையிலிருந்து வந்த ஆன்டெனா வயரை ஸ்ப்ளிட்டரில் கொடுத்து, ஒரு கால் அண்ணன் பெட்டிக்கு, ஒரு கால் தம்பி பெட்டிக்கு. விசில் பெட்டியைத் தம்பி கொண்டுபோய் தேரியில் நின்ற மொட்டைப் பனையடியில் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு திரையிலும் விசில் வந்தது. அண்ணன் பெட்டியில் உச்சத்துக்குப் பக்கமாக ஓர் எண். தம்பி பெட்டியில் பாதிக்கும் கீழே.

"பாத்தியாலே?" என்றார் அண்ணன்.

"வயரை மாத்திப் போடுவோம்" என்றார் தம்பி.

மாற்றினார்கள். அப்போதும் அண்ணன் பெட்டியில் அதே உச்சம். தம்பி பெட்டியில் அதே பாதி. குற்றம் வயரிலும் இல்லை, ஸ்ப்ளிட்டரிலும் இல்லை. ஆவுடையப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தன் பெட்டிதான் சரியாகக் கேட்கிறது என்று சாட்சியோடு நிரூபணம் ஆகிவிட்டது. வெற்றிதான். ஆனால் தம்பி முகத்தைப் பார்த்தபோது அந்த வெற்றி ருசிக்கவில்லை.

தம்பி வெளியே போனார். பனையடியிலிருந்து விசில் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவந்தார்.

தம்பி பெட்டியில் எண் ஏறியது. வரவர ஏறியது.

அண்ணன் பெட்டியில் எண் அசையவில்லை.

வேலிக்கு வந்தார். வாசல் நடைக்கு வந்து நின்றார். தம்பி பெட்டி ஒவ்வொரு அடிக்கும் ஏறிச் சொன்னது. அண்ணன் பெட்டி அங்கேயே நின்றது. நிறைகுடம் தளும்பாது என்று ஆவுடையப்பன் தன்னைப் பற்றி அடிக்கடி சொல்லிக்கொள்வதுண்டு. நிறைந்த குடத்தில் அதற்குமேல் ஒரு சொட்டும் பிடிக்காது என்பது அவருக்கு இதுவரை தோன்றியதில்லை.

"திரும்பக் கொண்டு போ" என்றார்.

தம்பி திரும்பி நடந்தார். பனையைத் தாண்டி, தேரி மேட்டைத் தாண்டி மறைந்தார். தம்பி பெட்டியில் எண் இறங்கி இறங்கி விசில் இரைச்சலுக்குள் கரைந்துபோனது. அண்ணன் பெட்டியில் மட்டும் விசில் நின்றபாடில்லை. தம்பி மறுபடி மேட்டின்மேல் ஏறி நின்று பெட்டியை அணைத்துவிட்டதாகக் கையசைத்த பிறகும் கூ என்றது. மறுபடி கூ. கடலில் எவனோ வள்ளத்துக்காரன் வாக்கி டாக்கியில், வலையை இழுங்கடே என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் ஆவுடையப்பன் திரையில் ஒரு நட்சத்திரம் விழுந்தது.

மலையில் வாக்கி டாக்கி இல்லை. ஆனால் பக்கத்துக் குன்றில் போன் டவர் இருக்கிறது. போலீஸ் வயர்லெஸ் இருக்கிறது.

ஆவுடையப்பன் புளியங்கொட்டைகளை நினைத்தார். கூடம் கொள்ளாமல் குவிந்த கொட்டைகள். டீக்கடையில் பேசிய பேச்சு. வெட்கமாக இருந்தது. இந்தக் குப்பையை நம்பி, தம்பி ஒவ்வொரு நாளும் தன் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே என்று நினைத்தபோது வெட்கம் போய் வலிதான் மிஞ்சியது.

தம்பி மணலை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"கிட்ட எது, தூர எதுன்னு அதுக்குத் தெரியல போலண்ணே" என்றார்.

"உனக்கு முன்னாலயே தெரியுமாலே?"

"கூட்டச் சொன்னீங்கள்ல, அன்னைக்குச் சந்தேகம் வந்துது."

"சொல்லியிருக்கலாம்லா."

தம்பி லேசாகச் சிரித்தார். "விசில் பெட்டியத் திரும்ப வச்சிட்டு வாரேன்."

அவர் வந்த பிறகு ஆவுடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்து தம்பியை அதில் உட்காரவைத்தார்.

"என் பட்டைய நீ குறை."

"எவ்வளவு?"

"ரெண்டும் ஒண்ணு போலச் சொல்லுத வரைக்கும்."

தம்பி குறைத்தார். முதலில் எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. குடம் இன்னும் வழிந்துகொண்டுதான் இருந்தது. இன்னும் குறைத்தார். ஒரு கட்டத்தில் எண் அசைந்தது. பிறகு இறங்கியது. திரையில் மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருந்த இரைச்சல் மெல்ல நீலமாக அடங்கியது. வள்ளத்துக்காரனின் நட்சத்திரம் காணாமல் போனது. ஒவ்வொரு தடவை பட்டை இறங்கும்போதும் ஆவுடையப்பனுக்குத் தன்னையே யாரோ இறக்கி வைக்கிற மாதிரி இருந்தது. முதலில் பிடிக்கவில்லை. பிறகு பாரம் குறைந்தது.

இரண்டு எண்ணும் ஒன்றாக நின்றன. ஒருவர் விசில் பெட்டியைத் தூக்கி நடக்க, ஒருவர் திரையைப் பார்த்தார். கிட்டே வந்தால் இரண்டும் ஏறின. தூரம் போனால் இரண்டும் இறங்கின. மறுபடி வயரை மாற்றினார்கள். அப்போதும் அப்படியே.

விசில் பெட்டியை அணைத்துவிட்டு இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அறையில் சத்தமே இல்லை. சத்தமில்லாத அறையில் இவ்வளவு நேரம் ஆவுடையப்பன் இருந்ததில்லை. கடல் மூச்சு விடுவது சாத்திய ஜன்னல் வழியாகவும் கேட்டது.

"அண்ணே" என்றார் தம்பி.

ஆவுடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எடுத்ததை அப்படியே விட்டுவிட்டார்.

"பாப்பா கடைசியில ஒண்ணு கேட்டா."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜன்னலத் திறங்கன்னு கேட்டா. உப்புக்காத்து ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாருல்லா, நான் திறக்கல. நாளைக்குத் திறக்கலாம்னேன். அவளுக்கு விடியல."

ஆவுடையப்பனிடம் ஆறுதல் வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. உன் மேல என்னல தப்பு, விதி, டாக்டர் சொன்னதைத்தானே செஞ்ச என்று வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒன்றையும் விடவில்லை.

"அவள எடுத்து எல்லாம் முடிஞ்ச அன்னைக்கே உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். பந்தல்காரன் கூப்புட்டான், சமைக்க வந்த பரிசாரகன் கூப்புட்டான். ஊரே உங்களத்தான கூப்புட்டுது. பிறகு சொல்லலாம்னு இருந்துட்டேன்."

தம்பி அழுதார். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. பிறகு ஆவுடையப்பன் எழுந்துபோய் ஜன்னலின் துருப்பிடித்த கொக்கியை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். உப்புக்காற்று உள்ளே வந்தது. மேஜை விரிப்பு படபடத்தது.

கூ.

இரண்டு பெட்டியிலும் ஒன்றாக வந்தது. நீண்ட விசில். வெளியே கண் கூசும் வெயில்; வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு திரையிலும் ஒரே எண்.

"கேட்டுதா அண்ணே?"

"கேட்டுதுல" என்றார் ஆவுடையப்பன்.

அன்றும் மறுநாளும் அங்கேயே தங்கினார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தம்பி வீட்டில் தம்பி குரல்தான் அதிகம் கேட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

மலைக்குத் திரும்பி வந்து பெட்டியைப் பழைய இடத்தில் மாட்டினார். பட்டையைத் தொடவில்லை, தம்பி வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டைச் சுற்றி மேகம் படுத்திருந்தது. தரையில் புதுக் கோலமாவு. மலை, கரை, கடல்.

வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. முன்பெல்லாம் இந்நேரம் ஒரு கைப்பிடிக் கொட்டை வைத்திருப்பார். இப்போது வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா கூடத்து மூலையில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

கூ என்றது. மெலிந்த விசில். எண்ணைப் பார்த்தார். போன் அடித்தது.

"அண்ணே, உங்களுக்கு எவ்வளவு?"

"நீ முதல்ல சொல்லு."

தம்பி சொன்னார். ஆவுடையப்பன் தன் திரையை மறுபடி பார்த்தார். தம்பியின் எண்தான் பெரியது.

"உன் பக்கம்ல" என்றார்.

போனில் அந்தப் பக்கம் கடல் மட்டும் கேட்டது. ஜன்னல் திறந்திருக்கிறது என்று தெரிந்தது.

ஆவுடையப்பன் ஒரு புளியங்கொட்டையை எடுத்தார். மண்டியிட்டுக் கடல் நடுவில் வைத்தார்.

சாயங்காலம் தரையில் கொஞ்சம் கொட்டைகளே இருந்தன. சில மலையில், சில கடலில். ஒரு பழைய நாளின் குவியலில் கால்வாசிகூட இல்லை. மேகம் கலைந்து மேற்கு வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. ஒவ்வொரு கொட்டையின் பக்கத்திலும் சின்னதாக நிழல் விழுந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"என் பட்டையக் குறைக்கணும்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும்தான?"

"தெரியும்."

"ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்குமே. அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "ஏம்மா சொல்லல?"

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னேனே அண்ணாச்சி. நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க."